கேட்டா என்ன சொல்றது?

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவானால் எல்லாரும் கலர் கார்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். ஹாலுக்கு இளமஞ்சளா, வெண்ணெய் நிறமா என்று குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. என் கட்சியில் நான் மட்டும். பெயின்டர் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓதம் ஏறியிருக்கிறது என்றார், பட்டி பார்க்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கிளம்பும்போது ஏதோ நினைவாக அண்ணாந்து பரணைப் பார்த்தார். பார்த்தவர், என் கையில் கொடுத்திருந்த எஸ்டிமேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சார், இதையெல்லாம் நீங்க இறக்கி வைங்க. அப்புறம் கலரைப் பத்திப் பேசலாம்."

இறக்கிவிடலாம். ஆனால் இறக்கியதில் பாதியாவது திரும்ப மேலே ஏறக் கூடாது என்று அந்த இடத்திலேயே சபதம் போட்டேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. கீரைத் தண்டை மட்டும் ஒன்றுகூட வீணாக்காமல் தனியே எடுத்து வைத்தாள், நாளைக்குக் கூட்டு வைக்க. அவளுடைய பதில் அதிலேயே இருந்தது. எனக்குத்தான் கீரை பாஷை புரியாது.

எங்கள் பரணைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கட்டியவர் மனிதர்களுக்கு விட்ட இடத்தை விடச் சாமான்களுக்கு விட்ட இடம் தாராளமானது. அப்பா காலமான பிறகு கும்பகோணத்து வீட்டை விற்றோம். வாங்கியவர் சுவரை மட்டும்தான் வாங்கினார். மற்றதெல்லாம் லாரியில் எங்களோடு வந்தது. கும்பகோணம் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியாததா? பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். பக்கத்திலேயே நாச்சியார்கோவில், அங்கே வார்க்கிற குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்துகொண்ட குடும்பத்திடம் எவ்வளவு பித்தளை சேர்ந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாமானை இறக்கிய லாரி டிரைவர், "கடை எந்தத் தெருவுல சார் போடப் போறீங்க?" என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார்.

நான் பரணில் ஏறப் போகிறேன் என்ற செய்தி பெங்களூரில் இருக்கும் மகளுக்கு எட்டியது. அவள் ஃபோனிலேயே தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். மாரி கோண்டோ என்று ஜப்பானில் ஒரு அம்மாள் இருக்கிறாராம். வீட்டை ஒழிப்பது எப்படி என்று அவர் எழுதிய புத்தகம் 2014-ல் ஆங்கிலத்தில் வந்து உலகமெல்லாம் விற்றது, 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் வந்தது. அவர் முறை ரொம்பச் சுலபம் என்றாள் மகள். முதலில் துணி, அப்புறம் புத்தகம், பிறகு காகிதம், பிறகு சில்லறைச் சாமான், மனசுக்கு நெருக்கமான பொருளெல்லாம் கடைசியில். ஒவ்வொரு ரகத்தையும் மொத்தமாக ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தால் வைத்துக்கொள். தராவிட்டால் அதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு.

பரணில் முதலில் கைக்கு வந்த சாக்குப்பையை எடுத்து மார்போடு அணைத்தேன். மகிழ்ச்சி வரவில்லை, கரப்பான்பூச்சி வந்தது.

சரி, அவர் சொன்ன வரிசைப்படியே போவோம் என்று கீழே இறங்கித் துணியில் ஆரம்பித்தோம். பீரோவில் இருந்ததெல்லாம் கட்டிலுக்கு வந்தது. மனைவி ஒரு புடவையை எடுத்துப் பிரித்தாள். "இது தலை தீபாவளிக்கு எங்கப்பா எடுத்தது." மடித்து ஒரு பக்கம் வைத்தாள். "இது வளைகாப்புக்கு." அதுவும் அதே பக்கம். "இது உங்க அக்கா எடுத்துக் கொடுத்தாங்களே, அந்த மாம்பழக் கலரு. கட்டவும் முடியாது, யாருக்காவது கொடுக்கவும் முடியாது." அதே பக்கம். மற்றொரு பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. இருட்டியும் முடியவில்லை. கட்டில் முழுக்க மகிழ்ச்சி படுத்திருந்ததால் நாங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம்.

அந்த மற்றொரு பக்கம் எனக்காக ஒதுக்கப்பட்டது என்று மறுநாள் காலையில் புரிந்தது. என் சட்டைகள் அங்கே போயின. இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சட்டையை எறிவதே கிடையாது, பதவி இறக்கம் மட்டும்தான். ஆபீஸ் போன சட்டை கடைத்தெருவுக்குப் போகும். கடைத்தெருச் சட்டை வீட்டோடு இருக்கும். வீட்டுச் சட்டை ஒரு நாள் திடீரென்று ஸ்கூட்டர் துடைக்கும். அதற்கும் கீழே ஒரு பதவி உண்டு, கரித்துணி. பிரமோஷன் வந்த அன்றைக்கு நான் போட்டிருந்த நீலக் கோட்டுச் சட்டையை அன்று மத்தியானம் தோசைக்கல்லின் காதில் சந்தித்தேன். பாக்கெட் அப்படியே இருந்தது.

"ஆனா நன்றி சொல்லித்தானே அனுப்பணும்?" என்று மகளிடம் கேட்டேன். இந்த நன்றி சொல்கிற விஷயத்தில்தான் ஜப்பானுக்கும் நமக்கும் இடிக்கிறது. கோண்டோ அம்மாள் சின்ன வயதில் கோயில் பணிப்பெண்ணாக இருந்தவர், பொருளுக்கும் ஒரு உயிர் உண்டு என்று நினைக்கிறவர். நாமும் அப்படித்தானே? ஆனால் அவர் நன்றி சொன்னதும் பொருள் வாசல் தாண்டுகிறது. நாம் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தல்லவா நன்றி சொல்கிறோம்? முனை உடைந்த கத்திரிக்கோல், அப்பாவின் ரம்பம், ஓடாத மேசை விசிறி, எல்லாம் பொட்டோடு இருக்கின்றன. பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிய பொருளை எப்படிப் பழைய இரும்புக்காரரிடம் போடுவது? விசிறியைத் தூக்கினேன். எங்களோடு இருக்கும் என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்ப வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அதே கோண்டோ அம்மாள் மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டதாக 2023-ல் சொன்னாராம். இந்தச் செய்தியை மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த நிமிஷம் என் மனைவிக்கு அந்த அம்மாள் மேல் வந்த பாசம் இருக்கிறதே, இங்கே வந்தால் ஒரு வேளை சாப்பாடு போட்டு வெற்றிலை பாக்கோடு அனுப்புவாள்.

போகியன்று கொளுத்திவிட வேண்டியதுதானே என்பீர்கள். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு அதைப் பேசக் கூடாது. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். 2018 போகிக்குப் புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன, அது ஊர் மொத்தமும் சேர்ந்து கொளுத்தியது. எங்கள் பரணை மட்டும் தனியாகக் கொளுத்தினாலே போதும் என்று நினைக்கிறேன். போகி வந்தால் எல்லாரும் எடுத்துவிடுகிற, 'பழையன கழிதலும்' என்ற அந்த நன்னூல் சூத்திரத்தையும் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். பவணந்தியார் அதை இலக்கணத்துக்காக எழுதினார். தவிர, அவர் சமணத் துறவி. அவருக்கென்ன, பரணா பாழாகிறது?

பரணில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை பைகளும் பெட்டிகளும். பைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பெரிய பை, அதற்குள் கொஞ்சம் சின்னப் பைகள், அவற்றுக்குள் அவற்றைவிடச் சின்னப் பைகள். எல்லாவற்றையும் உதறிப் பார்த்தால் உள்ளே வேறொன்றும் கிடையாது, பைதான். பாதி தாம்பூலப் பைகள், மணமக்கள் பெயர் அச்சடித்தவை. ஒரு ஜோடிக்கு விவாகரத்தே ஆகிவிட்டது, பை கிழியவில்லை. மஞ்சள் பை கேவலம் என்று இருந்த காலம் போய், 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் நடத்த ஆரம்பித்ததும் என் மனைவியின் சேமிப்புக்கு அரசாங்க அங்கீகாரம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் கவர்களுக்குத் தடை வந்ததே, அப்போதாவது கவர்களெல்லாம் வெளியே போகும் என்று நம்பினேன். தடைச் செய்தியைப் படித்துவிட்டு அவள் கவர்களை இன்னும் நன்றாக மடித்து இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். "இனிமே கிடைக்காதுல்ல?"

பெட்டிகள் என் பொறுப்பு. டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, இப்போது இல்லாத ஒரு டேப்ரிக்கார்டர் வந்த பெட்டி. எல்லாவற்றுக்குள்ளும் தெர்மாகோல் அதே மடிப்பில் இருக்கிறது. வீடு மாற்றும்போது வேண்டும் என்று வைத்தது. சொந்த ஃபிளாட் வாங்கிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. மனைவி பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர் இருந்தார், தெரியுமா? சைன்போர்டு எழுதறவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு கிடைச்சதையெல்லாம் சேர்த்தார். அவர் வீட்லயும் எடுத்துப் போடுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. 1992-ல அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகமே அதை விலை கொடுத்து வாங்குச்சு. இன்னிக்கு இதே சென்னையில அவர் பேர்ல ஆராய்ச்சி நூலகம் இருக்கு. எங்கெங்கிருந்தோ வந்து படிக்கிறாங்க."

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அவர் சேர்த்தது புஸ்தகம். நீங்க சேர்த்தது தெர்மாகோல். சிகாகோலேருந்து ஆள் வந்தா நானே கூட்டிக் கட்டிக் கொடுக்கறேன்."

பெட்டிகள் போயின. அதோடு எங்கள் கல்யாண வீடியோ காசெட்டையும் போடலாமா என்று கேட்டேன். காசெட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. போட்டுப் பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது, வாங்கலாம் என்றாலும் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. "பார்க்க முடியாதுதான். அதுக்காகத் தூக்கிப் போட முடியுமா? நம்ம கல்யாணமாச்சே" என்றாள். அதற்கு எனக்கு நல்ல பதில் ஒன்று தோன்றியது. சொல்லவில்லை. அதனால்தான் ராத்திரி சாப்பாடு கிடைத்தது.

காகிதங்களில் அதிகம் தேங்கவில்லை. பழைய ரேஷன் கார்டு, ஈபி அட்டை, செத்துப்போன வங்கிக் கணக்கின் பாஸ்புக்குகள். ஆனால் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கியபோது கீழே அவள் சிறுவாடு கிடந்தது. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், 2016 நவம்பரில் செல்லாமல் போனவை. அம்மா எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றாள். மகளைக் கேட்டோம். அவள் தேடிப் பார்த்துச் சொன்ன செய்தியில் எனக்கு வியர்த்துவிட்டது. 2017-ல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். ஞாபகார்த்தமாகப் பத்து நோட்டு வரைக்கும் வைத்திருக்கலாம். அதற்கு மேல் தெரிந்தே வைத்திருந்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. இத்தனை நேரம் நான் தொண்டை கிழியச் சொல்லி நடக்காததைப் பாராளுமன்றம் சொல்லியிருக்கிறது, ஒன்றைக் கழி என்று. அம்மா பத்து நோட்டை எண்ணி மடித்து மறுபடி செய்தித்தாளுக்கு அடியில் வைத்தாள். பதினோராவதை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, நீ செலவுக்கு வெச்சுக்கப்பா."

கடைசியில் பாத்திரத்துக்கு வந்தோம். உண்மையில் எல்லாமே பாத்திரம்தான், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள ஊறுகாய். பாத்திரத்தில் என்ன சங்கடம் என்றால், அதில் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள், பிறகு மின்சார ஊசி வந்தது. கொடுத்தவர் பெயர், ஊர், தேதி. பணமாகக் கொடுத்த மொய் அன்றைக்கே பந்திச் செலவில் கரைந்துவிடுகிறது. பாத்திரமாகக் கொடுத்தவர் மட்டும் தலைமுறைக்கும் நம் பரணில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அங்கே இருந்தது ஒரு பித்தளைத் தவலை. 1994-ல் எங்கள் கல்யாணத்துக்கு மன்னார்குடிச் சித்தி கொடுத்தது. கழுத்தைச் சுற்றிச் சித்தப்பா பெயர், ஊர், வருஷம், எழுத்து ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன். ஒரு நாள்கூட அதில் சமைத்தது கிடையாது. கேஸ் அடுப்பில் வைத்தால் சாயும். இண்டக்‌ஷன் அடுப்பு அதை ஏற்காது. தெருவில் ஈயம் பூச வருகிறவர் நின்றுபோய் யுகமாகிறது, ஈயம் இல்லாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். இத்தனை வருஷமும் அது செய்துகொண்டிருந்த ஒரே வேலை, நான் தேடிய ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்ததுதான்.

"இதைப் போட்டுடலாம்மா" என்றேன்.

அம்மா அதிர்ந்து போனாள். "மன்னார்குடிக்காரி கொடுத்ததுடா. வந்து கேட்டா என்ன சொல்றது?"

"சித்தி நம்ம வீட்டுக்கு வந்தே எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதான் சொல்றேன். எப்ப வேணா வருவா."

இந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாம் ஒரு பொருளை வைத்துக்கொள்வது அது உதவுகிறது என்பதற்காக அல்ல. மகிழ்ச்சியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அதைப் பற்றி யாராவது ஒரு நாள் கேட்பார்கள், அன்றைக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். மாம்பழக் கலர்ப் புடவையை அக்கா கேட்பாள். ஓடாத விசிறியைச் சரஸ்வதியே கேட்பாள். கேள்வி கேட்க ஆள் உள்ள பொருள் பரணில் இருக்கும், ஆள் இல்லாத பொருள் வாசலுக்குப் போகும்.

மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எம்.பி.ஏ. படித்தவள், அவள் வேறு காரணம் வைத்திருந்தாள். 1990-ல் அமெரிக்காவில் கானமன், நெட்ச், தேலர் என்று மூன்று பேராசிரியர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார்களாம். மாணவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு காபிக் குவளையைச் சும்மா கொடுத்தார்கள். கிடைத்தவர்களிடம் என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள், கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்கிறவன் சொன்ன விலை வாங்குகிறவன் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த குவளை, அதற்குள் என்னுடையது என்ற எண்ணம். அவர்களில் தேலருக்கு 2017-ல் நோபல் பரிசே கிடைத்தது, இந்த மாதிரி வேலைகளுக்காக. எனக்கு அந்தப் பேராசிரியர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் குவளையில் 'அன்பளிப்பு, மன்னார்குடி' என்று வெட்டியிருந்தால் அந்த மாணவன் விலையே சொல்லியிருக்க மாட்டான்.

கேட்க ஆள் இருந்தால்தான் பரண் என்ற சட்டத்தைக் கண்டுபிடித்தவன் நான் என்பதால் அது முதலில் என் மேலேயே பாய்ந்தது. பரணின் கோடியில் என் டிராஃப்டர் இருந்தது. இஞ்சினியரிங் டிராயிங் படித்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். ரெக்சின் உறை கிழியவில்லை. ஸ்கேலில் என் ரோல் நம்பரைக் காம்பஸ் முனையால் நானே கீறியிருந்தேன். அதுவும் பெயர் வெட்டினதுதானே? மனைவி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு கேக்கப் போறாங்க?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். அம்மா கேட்க மாட்டாள், மகள் கேட்க மாட்டாள், அக்காவுக்கு அது என்னவென்றே தெரியாது. என் சட்டத்தின்படி அது போக வேண்டியதுதான். போயிற்று.

பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். அவருக்கு மகிழ்ச்சி, கேள்வி எதுவும் கிடையாது. இரும்பு தனி, அட்டை தனி, பிளாஸ்டிக் தனி, பித்தளை என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம். டிராஃப்டரைப் பார்த்து மட்டும் கொஞ்சம் தயங்கினார். கம்பி இரும்பு, பிடி பிளாஸ்டிக், ஸ்கேல் வேறு ஏதோ. "இது மிக்ஸு சார். எதுலயும் சேராது. சும்மா வேணா எடுத்துக்கறேன்." எடுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, "என் டிராஃப்டர் போயிடுச்சு" என்றேன். "அப்படியா?" என்றாள் மனைவி. "மோர் ஊத்தட்டுமா?"

பெயின்ட் அடித்து முடித்தார்கள். ஹால் வெண்ணெய் நிறம். பரணில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருந்தது. அங்கே முன்பு இருந்தவையெல்லாம் என்னுடையவை.

அடுத்த மாதம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மன்னார்குடிச் சித்தி. பேத்திக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். அம்மா உள்ளே ஓடினாள். மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேச்சே இல்லை. நான் ஸ்டூலை எடுத்தேன், அவள் புளியும் சாம்பலும் எடுத்தாள். சித்தி காபி குடித்து முடிப்பதற்குள் தவலை இறங்கி, தேய்ந்து, மின்னி, தண்ணீர் நிரம்பிக் கூடத்து மூலையில் செவ்வந்திப் பூ மிதக்க உட்கார்ந்திருந்தது. பரண் இருந்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்தது என்று அம்மாவின் முகத்தில் ஒரு வெற்றி. பெயர் வெட்டிய பக்கம் சித்தியைப் பார்த்திருக்கும்படி நானே திருப்பி வைத்தேன்.

சித்தி பேத்தியைப் பற்றிப் பேசினார், மாப்பிள்ளை வேலையைப் பற்றிப் பேசினார், மண்டப வாடகையைப் பற்றிப் பேசினார். பார்வை மட்டும் அந்த மூலைக்குப் போகவே இல்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தவலையைப் பாத்தியா?" என்றாள்.

சித்தி பார்த்தார். "நல்லாருக்கு அக்கா. எங்க வாங்கினீங்க?"

அம்மாவால் பேச முடியவில்லை. நான்தான் கையைக் காட்டினேன். சித்தி எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, எங்க பேரு! இதையெல்லாமா இன்னும் வெச்சிருக்கீங்க? நீங்க எனக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தீங்களே, ஆளுயரத்துக்கு, அதை நான் எப்பவோ எடைக்குப் போட்டுட்டு மிக்ஸி வாங்கிட்டேன். யாருக்கு அக்கா இதெல்லாம் தேச்சுக்கிட்டு இருக்க முடியும்? தூக்கிப் போடுங்க."

ஆட்டோ தெருமுனை திரும்பியது. நான் உள்ளே வந்து தவலைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். செவ்வந்தியை எடுத்துச் சாமிக்குப் போட்டேன். பேப்பர்காரருக்கு ஃபோன் செய்ய நம்பரைத் தேடினேன். கொடுத்தவரே சொல்லிவிட்டார், இனி யார் கேட்க முடியும்?

"எங்கடா எடுத்துட்டுப் போற?" என்றாள் அம்மா.

"சித்தியே போடச் சொல்லிட்டாங்களேம்மா."

"அதுக்கு? இத்தனை வருஷம் அவளுக்கு அது ஞாபகமே இல்ல. நீதான் கையைக் காட்டி ஞாபகப்படுத்தி விட்டுட்ட. அடுத்த தடவை வந்து கேட்டா என்ன சொல்றது?"

ஸ்டூலை எடுத்துப் போட்டேன். பரணில் இடத்துக்குப் பஞ்சமில்லை. டிராஃப்டர் இருந்த மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது.